வீட்டுக் கணிப்பொறியும் நச்சுநிரலும்

'வைரஸ்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் மருத்துவமனை நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அச்சொல் ஜெராக்ஸ் கடையிலும் ஒலிக்கிறது. "சிஸ்டத்துல வைரஸ் ஏறிடுச்சு, ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்று சொல்லக் கேட்காதவர் நம்முள் மிகச் சிலரே. நோய் இன்னதென்று நாடி பார்க்கும் முன்பே எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டு இது. இம்மருந்து எங்கே பொருந்தும், எங்கே கேடு செய்யும், இதனை உட்கொள்ளுமுன் செய்தாக வேண்டியது யாது என்பனவற்றை, வகுப்பில் பயின்றதைக் கொண்டும், புளியந்தோப்பில் எங்கள் தெருவில் ஒரு பழைய கணிப்பொறியைச் சீர்ப்படுத்தியபோது கண்டதைக் கொண்டும் இங்கு எழுத முற்படுகிறேன். கணிப்பொறி அறிவியல் பயிலாத தமிழ், வரலாறு, வணிகவியல் துறை நண்பர்களுக்கும் விளங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

புத்தம்புதிய கணிப்பொறிகளைப் பற்றி இக்கட்டுரை பேசாது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டு, வீட்டின் ஒரு மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டு, இன்றும் ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கோ படிப்புக்கோ உதவிவரும் கணிப்பொறிகளே இதன் பொருள். வடசென்னை வீடுகளில் அத்தகையவை ஏராளம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் மாணவர்கள் பெற்ற விலையில்லா மடிக்கணினிகளும் இன்று இந்தப் பழையவை என்னும் வரிசையில் சேர்ந்துவிட்டன.

நச்சுநிரல் என்பது யாது?

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் கோவையை நிரல் என்கிறோம். கணக்குப் போடுவதும் நிரல். கடிதம் தட்டச்சு செய்ய உதவுவதும் நிரல். உரியவரின் இசைவின்றித் தன்னைத்தானே படியெடுத்து, பிற நிரல்களிலும் தட்டுகளிலும் போய் அமர்ந்துகொள்ளும் நிரலே நச்சுநிரல். அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரெட் கோகன் 1983 நவம்பரில் இத்தகைய நிரல் ஒன்றை எழுதி, அது பரவும் விதத்தை ஒரு வகுப்பில் செய்து காட்டினார். அதற்கு 'வைரஸ்' என்று பெயர் சொன்னவர் அவ்வகுப்பின் ஆசிரியர் லெனார்டு ஏடில்மன்.

கோகன் பின்னர் கணித வழியில் நிறுவிய முடிவு ஒன்று நம் கருத்துக்குரியது. எல்லா நச்சுநிரல்களையும் ஒன்றுவிடாமல், பிழையின்றிக் கண்டறியும் ஒரு நிரலை எவராலும் எழுத இயலாது என்பதே அது. எனவே, நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று எந்த அட்டைப்பெட்டியின்மீது அச்சிட்டிருந்தாலும் அதனை வணிகப் பேச்சு என்றே கொள்க.

பிறிதொரு நிரலைப் பற்றிக்கொண்டு, அது இயங்கும்போது தானும் இயங்குவதை வைரஸ் என்றும், எதனையும் பற்றாமல் தானே ஊர்ந்து பரவுவதைப் புழு என்றும், நல்ல நிரல் போல வேடமிட்டு வருவதை டிரோஜன் என்றும் நூல்கள் பிரிக்கும். மக்கள் வழக்கில் மூன்றும் வைரஸே. பேச்சில் இவ்வேறுபாடு தேவையில்லை, வைத்தியத்தில் தேவை. ஏனெனில் புழுவைப் பிடித்து எறிந்துவிடலாம். நல்ல நிரலின் உடம்புக்குள் புகுந்துகொண்டதைப் பிரித்தெடுப்பது எளிதன்று.

லாகூரிலிருந்து வந்ததும் நம் நாட்டில் தோன்றியதும்

ஐ.பி.எம். வகைச் சிறு கணிப்பொறிகளைப் பற்றிய முதல் நச்சுநிரல் நமக்கு அண்டை நகரத்தில் பிறந்தது. 1986-இல் லாகூரில் கணிப்பொறிக் கடை நடத்திய பாசித் பரூக் ஆல்வி, அம்ஜத் பரூக் ஆல்வி என்னும் உடன்பிறந்தார் இருவர் அதனை எழுதினர். 'பிரெயின்' என்பது அதன் பெயர். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைத் தடுக்கவே எழுதியதாக அவர்கள் கூறினர். நிரலுக்குள்ளேயே தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பொறித்து வைத்திருந்தனர் என்பது இன்று நகைப்புக்கு இடமாகலாம். அந்நாளில் அதனைக் குற்றமென்று கருதியவரே இலர்.

பிரெயின் நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் குடியிருந்தது. எவரேனும் அப்பகுதியைப் படித்துப் பார்க்க முயன்றால், தான் வேறிடத்தில் ஒளித்து வைத்திருந்த பழைய, தூய தொடக்கப் பகுதியை எடுத்துக் காட்டிவிடும். சோதனையிட வந்தவரிடம் வேறொரு வீட்டைக் காட்டி அனுப்பும் தந்திரம் இது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1990-இல், இந்தியாவிலேயே ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 'ஜோஷி' என்று அதனை உலகம் அழைத்தது. ஒவ்வோர் ஆண்டும் சனவரி 5 அன்று கணிப்பொறி அப்படியே நின்றுவிடும். ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் தோன்றும். வாழ்த்தினால் மீண்டும் இயங்கும். குறும்பு என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் ஜோஷியிடமிருந்து கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு உண்டு. இன்றைக்கும் அவை பழுதாகவில்லை.

முதலாவது, கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி மறுதொடக்கம் செய்தாலும் ஜோஷி நினைவகத்தை விட்டுப் போகாது. அந்த விசையழுத்தத்தையும் அது இடைமறித்துவிடும். மின்சாரத்தை முற்றிலும் நிறுத்தி, எழுத இயலாதபடி தடுப்பு ஒட்டிய தூய நெகிழ்வட்டிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கினால்தான் அதனை நெருங்க முடியும். இரண்டாவது, அது வன்தட்டின் முதன்மைத் தொடக்கப் பகுதியில் இருந்ததால், டாஸ் இயக்க முறைமையின் ஃபார்மட் கட்டளை அதனைத் தொடவே இல்லை. கோப்புகள் அனைத்தும் போயின. வைரஸ் மட்டும் இருந்தது. ஃபார்மட் என்னும் மருந்து நோயை விட்டுவிட்டு நோயாளியைக் கொன்ற நிகழ்ச்சிகள் அக்காலத்திலேயே உண்டு என்பதை நோக்குக.

வெளியிலிருந்து துப்புரவு செய் என்பதே இவற்றிலிருந்து பெறும் கருத்து. நோய் பிடித்த விண்டோசே தன்னை ஆராய்ந்து சொல்லும் முடிவை முழுதும் நம்புதல் தகாது. நம்மிடம் பொய் சொல்வதற்கென்றே அதற்குள் ஒன்று அமர்ந்திருக்கிறது.

இந்நச்சுநிரல்களை எதிர்க்கும் தொழிலும் நம் நாட்டில் அப்போதே வேரூன்றியது. 1991-இல் கேசவர்த்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நம் சென்னையைச் சேர்ந்த நிறுவனம். சப்பானில் அதன் மென்பொருள் பெரும் விற்பனை கண்டது என்ற செய்தி நம்மவர் பலருக்கும் புதிதாக இருக்கும். புனே நகரில் கால்குலேட்டர் பழுதுபார்த்துவந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சய் கட்கரும் உருவாக்கிய குயிக் ஹீல் இதே பத்தாண்டில் பிறந்தது.

பென் டிரைவ் என்னும் பல்லக்கு

நெகிழ்வட்டு மறைந்தது, பென் டிரைவ் வந்தது. அதனைச் செருகியவுடன் அதிலுள்ள 'ஆட்டோரன்' என்னும் சிறு கோப்பைப் படித்து, அது சொல்லும் நிரலைத் தானாகவே இயக்கும் வசதி விண்டோசில் இருந்தது. குறுந்தகட்டுக்காகச் செய்யப்பட்ட வசதி இது. புழுக்களுக்கு இதனைக் காட்டிலும் நல்ல பல்லக்கு கிடைத்திராது. 2008 நவம்பரில் தோன்றிய 'கான்ஃபிக்கர்' இவ்வழியையும் பயன்படுத்திக்கொண்டது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பழைய எக்ஸ்.பி.யிலும் விஸ்டாவிலும் பென் டிரைவுக்கு இவ்வசதியை நிறுத்தும் திருத்தத்தை இணையத்தின் வழியே அனுப்பியது. இணைய இணைப்பே இல்லாமல் வீட்டு மூலையில் கிடந்த கணிப்பொறிகளுக்கு அத்திருத்தம் போய்ச் சேரவில்லை.

தானே இயங்க வழி அடைபட்டபோது, நம் கையாலேயே தன்னை இயக்கச் செய்யும் உபாயங்களைப் புழுக்கள் மேற்கொண்டன. அவற்றுள் இரண்டு நம் ஊரில் மிகுதி.

ஒன்று, கோப்புறையின் மஞ்சள் படத்தை அணிந்துகொண்டு வரும் நிரல். விண்டோஸ் இயல்பாகவே கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டுவதால், பெயருக்குப் பின்னால் இருக்கும் 'இ.எக்ஸ்.இ.' என்னும் அடையாளம் கண்ணுக்குத் தெரியாது. கோப்புறை என்று நினைத்து இருமுறை சொடுக்குகிறோம், நிரல் இயங்குகிறது. இதனைப் பிடிப்பது எளிது. பட்டியலாகக் காட்டும்படி அமைத்துப் பார்த்தால், உண்மைக் கோப்புறைக்கு எதிரே அளவு ஒன்றும் இராது. போலிக்கு எதிரே கிலோபைட் கணக்கு இருக்கும். அதுவும் எல்லாப் போலிக்கும் ஒரே கணக்கு!

மற்றொன்று, 'ஷார்ட்கட் வைரஸ்' என்று எல்லாரும் கூறுவது. பென் டிரைவில் உள்ள நம் கோப்புகளுக்கு மறைவு என்றும், இயக்க முறைமைக்கு உரியது என்றும் இரண்டு அடையாளங்களை இது இட்டுவிடும். உடனே அவை திரையில் தோன்றா. அவற்றின் பெயரிலேயே குறுக்குவழிகளைச் செய்து வைக்கும். நாம் குறுக்குவழியைச் சொடுக்கினால் முதலில் ஒளிந்திருக்கும் புழு இயங்கும். அடுத்து நம் கோப்புறையும் திறக்கும். ஒன்றும் நடவாதது போலவே இருக்கும். இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது, கோப்புகள் அழியவில்லை என்பது. பென் டிரைவின் அளவைப் பார்த்தால் எட்டு ஜிகாபைட்டில் ஐந்து நிரம்பியிருக்கிறது என்றே காட்டும். "எல்லாம் போயிடுச்சு" என்று அலறி ஃபார்மட் செய்வோர்தாம் உண்மையில் அவற்றை அழிப்பவர்கள்.

எங்கள் தெருக் கணிப்பொறி

எங்கள் தெருவில் அக்கா ஒருவர் மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுக்கும் தொழில் செய்துவருகிறார். குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல், முதியோர் உதவித்தொகை, வாரிய வீட்டு ஒதுக்கீடு ஆகியவற்றுக்கான மனுக்கள். 2009-இல் வாங்கிய, உதிரிகளைப் பூட்டிச் செய்த கணிப்பொறி, எக்ஸ்.பி. இயக்க முறைமை, ஒரு ஜிகாபைட் நினைவகம். ஒரு பழைய ஸ்கேனரும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தெருவில் பல வீடுகளில் காகிதங்கள் ஊறிப்போயின. அவற்றைக் காயவைத்து, எழுத்து மறையுமுன் அவர் ஸ்கேன் செய்து வைத்தார். சில குடும்பங்களுக்கு வீட்டு ஒதுக்கீட்டு ஆணையின் படி இன்று அக்கணிப்பொறியில் மட்டுமே உள்ளது. பழைய அடுக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டும் காலத்தில் அந்த ஒற்றைத் தாளின் மதிப்பு என்ன என்பதை வாரியக் குடியிருப்பில் வாழ்வோர் அறிவர். குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. தாளைக் காட்ட வேண்டிய தேவை மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கணிப்பொறியில் வைரஸ் புகுந்தபோது, ஒரு கடையில் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். திரை முகப்பில் அக்கா வைத்திருந்த ஓராண்டு மனுக்கள் போயின. வைரஸோ இரண்டே நாளில் திரும்பி வந்தது. காரணம் வெளிப்படை. கடைக்காரர் அழித்தது 'சி' பகுதியை மட்டும். அதே வன்தட்டின் 'டி' பகுதியில் ஆட்டோரன் கோப்பும் அது சுட்டும் நிரலும் அப்படியே இருந்தன. புதிய விண்டோஸ் ஏறியபின் 'டி'யை இருமுறை சொடுக்கிய அக்கணமே நோய் மீண்டது. நம் ஊரில் ஃபார்மட் செய்தும் வைரஸ் போகவில்லை என்போரில் பெரும்பாலோரின் கதை இதுவாகவே இருக்கும் என்பது என் கருத்து.

இம்முறை என்னை அழைத்த அக்கா, "தம்பி, பொட்டிய வேணா எடுத்துக்கினு போ. உள்ள இருக்கிற பேப்பருங்க மட்டும் போயிடக் கூடாதுப்பா. பாதிப் பேருக்கு அசலே இல்ல" என்றார். "நிறுத்தி வெச்சிடுங்க அக்கா, நான் வர்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்தேன்.

ஆதார் எண்ணும் கையொப்பமும் அடங்கிய பிறருடைய தாள்கள் நிறைந்த வன்தட்டை முன்பின் அறியாத கடையில் இரவு முழுதும் விட்டுவருவது சரியா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயைவிடப் பெரிய ஆபத்து அதில் உண்டு.

முதலில் மீட்பு

என் அண்ணன் தாம் படித்த காலத்தில் பெற்ற அரசு மடிக்கணினி எங்கள் வீட்டில் இருந்தது. அத்திட்டத்தில் வழங்கப்பட்ட பல மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையிலேயே உருவாக்கிய இயக்க முறைமை இது, தமிழிலும் இயங்கும். பெரும்பாலான மாணவர் அதனைத் திறந்தே பார்த்ததில்லை. அதன் பின்னாளைய பதிப்பொன்றை நான் அம்மடிக்கணினியில் நிறுவி வைத்திருந்தேன். விண்டோசுக்காக எழுதப்பட்ட புழு லினக்ஸில் இயங்காது. மறைவு அடையாளம் இட்ட கோப்புகளையும் லினக்ஸ் மறைக்காமல் காட்டும். மீட்புப் பணிக்கு இவ்விரண்டும் போதும்.

மின்சாரத்தை நிறுத்தி, வன்தட்டைக் கழற்றி, சாட்டா இணைப்பை யு.எஸ்.பி.யாக மாற்றும் கம்பியின் வழியே மடிக்கணினியில் பூட்டினேன். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பி. மேசைக் கணிப்பொறியின் வன்தட்டுக்குத் தனி மின்வழங்கி தேவை என்பதால், அதனுடன் கூடிய கம்பியையே கேட்டு வாங்க வேண்டும். கழற்றத் துணியாதவர்கள் 'பப்பி லினக்ஸ்' போன்ற சிறிய லினக்ஸைக் குறுந்தகட்டில் எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். மிகப் பழைய கணிப்பொறிகள் பென் டிரைவிலிருந்து தொடங்க மறுக்கும், குறுந்தகட்டுக்கு இணங்கும்.

திறந்து பார்த்தபோது 'டி' பகுதியில் எல்லாம் இருந்தன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள். அவற்றைப் புதிய வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்தேன். மனுக்கள், படங்கள், பி.டி.எஃப். தாள்கள் ஆகியவற்றை மட்டுமே எடுத்தேன். இ.எக்ஸ்.இ., வி.பி.எஸ்., எஸ்.சி.ஆர்., குறுக்குவழி, ஆட்டோரன் என்பன எவ்வளவு நல்ல பெயரில் இருந்தாலும் எடுக்கவில்லை. வேர்டு கோப்புகளிலும் மேக்ரோ என்னும் நிரல் ஒளிந்திருக்கக்கூடும்; 1995-இல் தோன்றிய 'கான்செப்ட்' அவ்வகையைச் சேர்ந்தது. ஆதலின் அவற்றை லினக்ஸிலேயே லிபர் ஆபிஸில் திறந்து சோதித்தேன். ஸ்கேன்களில் நான்கு திறக்கவில்லை. வன்தட்டின் அப்பகுதி தேய்ந்திருந்தது. அது வைரஸின் வேலையன்று, முதுமையின் வேலை. அந்நான்கில் மூன்றின் அச்சுப்படி உரியவர் வீடுகளில் இருந்தது. நான்காவது ஓர் ஒதுக்கீட்டு ஆணை. அதற்கு வேறு படி எங்கும் இல்லை. அக்குடும்பத்தின் பெயரில் வாரியத்துக்கு நகல் கேட்டு ஒரு மனுவை அக்காவே தட்டச்சு செய்தார்.

தமிழர்களாகிய நாம் மறவாது செய்ய வேண்டியது மற்றொன்று உண்டு. அக்காவின் மனுக்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டபோதிலும், தட்டச்சு நிலையங்களில் பழகிய விரல்கள் பலவும் இன்றும் பழைய எழுத்துருக்களிலேயே ஓடுகின்றன. அவ்வெழுத்துரு கணிப்பொறியில் இல்லாவிட்டால், 'தமிழ்' என்னும் சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். மனு பிழைத்தும் படிக்க இயலாத நிலை! எழுத்துருக்கள் இருப்பது 'சி' பகுதியில் விண்டோசின் எழுத்துருக் கோப்புறையில். ஃபார்மட் செய்தால் முதலில் போவது அது. எனவே அக்கோப்புறை முழுவதையும் படியெடுத்தேன். பின்னர் முக்கியமான மனுக்களை என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்னும் இலவச மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தேன்.

பிறகு துப்புரவு

படி கையில் வந்தபின் இனி எதுவும் செய்யலாம். 'கிளாம் ஏ.வி.' என்னும் இலவச எதிர்நிரலை மடிக்கணினியில் நிறுவி வன்தட்டை ஆராயச் செய்தேன். இரண்டு ஜிகாபைட் நினைவகம் அதற்கு மிகக் குறைவு. ஓர் இரவு முழுதும் ஓடியது. காலையில் பார்த்தால் ஷார்ட்கட் புழு மட்டுமன்று, 'டி'யில் அக்கா சேர்த்து வைத்திருந்த மென்பொருள் நிறுவிகள் பலவற்றுள்ளும் 'சாலிட்டி' இனத்து வைரஸ் புகுந்திருந்தது. முன்னர்ச் சொன்ன, உடம்புக்குள் புகும் வகை இது.

இங்கே வைத்தியம் பிரிகிறது. புழு மட்டும் இருந்திருப்பின், அதன் கோப்பை அழித்து, விண்டோஸ் தொடங்கும்போது அதனை எழுப்பிவிடும் பதிவேட்டு வரிகளை நீக்கி, மறைவு அடையாளங்களைக் களைந்தால் போதும். இவ்வடையாளங்களைக் களைய 'ஆட்ரிப்' என்னும் கட்டளை உள்ளது. அதன்பின் கழித்தல் குறியுடன் எச், எஸ், ஆர் ஆகிய எழுத்துகளையும், உட்கோப்புறைகளுக்கும் செல்லும்படி சாய்கோட்டுடன் எஸ், டி ஆகியவற்றையும் இட்டால், மறைந்தவை அனைத்தும் வெளிவரும். எக்ஸ்.பி.யில் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் 'சிஸ்டம் ரீஸ்டோர்' சேமிப்பிலும் நச்சுநிரலின் படி தங்கும் என்பதால், அதனை ஒருமுறை நிறுத்திப் பின் தொடங்க வேண்டும்.

நிரல்களின் உள்ளே புகுந்த வைரஸ் இருக்கும்போது இவ்வளவும் போதா. எதிர்நிரல் அதனைப் பிரித்தெடுத்தாலும் நிரல் சிதைந்துவிடுவதுண்டு. எனவே 'டி'யிலிருந்த இ.எக்ஸ்.இ. கோப்புகள் அனைத்தையும் லினக்ஸிலிருந்தே அழித்தேன். 'சி'யை ஃபார்மட் செய்தேன். ஆம், ஃபார்மட்தான்! அம்மருந்தின்மேல் எனக்குப் பகை இல்லை. மீட்புக்குப் பின், 'டி'யையும் துடைத்த பின், அது நல்ல மருந்து. தட்டச்சு மென்பொருளின் மூலக் குறுந்தகட்டை அக்கா பத்திரமாக வைத்திருந்தது பேருதவியாயிற்று.

எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 சனவரி 14-உடன். ஆகவே இக்கணிப்பொறியை இணையத்துடன் இணைப்பதில்லை என்று முடிவாயிற்று. அது இனி ஒரு நல்ல தட்டச்சுப்பொறி. அதற்கு அது போதும். அக்காவுக்கும் அது போதும்.

வந்த வழி

மழைக்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் நிரம்பித் தெருவில் நீர் எதிர்க்கும்போது, வீட்டுக்குள் வந்த நீரை எத்தனை வாளி இறைத்தாலும் வற்றாது என்பது புளியந்தோப்பில் சிறுவர்க்கும் தெரியும். கணிப்பொறியைத் துப்புரவு செய்துவிட்டு வந்த வழியை விட்டுவிட்டால் அதே கதைதான். இணையமே இல்லாத கணிப்பொறிக்கு நோய் எவ்வழி வந்தது? அச்செடுக்கப் போய்வரும் பென் டிரைவின் வழி.

இதனை உறுதி செய்ய ஒரு சிறு சோதனை செய்தேன். புதிய பென் டிரைவில் ஒரே ஒரு பக்கம் கொண்ட கோப்பை வைத்து, மூன்று கடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக அச்செடுத்தேன். ஒவ்வொரு கடைக்குப் பின்னும் லினக்ஸில் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு கடைகளில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஒரு வி.பி.எஸ். கோப்பும் ஒரு குறுக்குவழியும் கூட வந்தன. கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். "நாள் பூரா யார் யார் பென் டிரைவோ வருது தம்பி. செருகாதேன்னு சொன்னா வியாபாரம் ஓடுமா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அவர் அனுமதியுடன் அக்கணிப்பொறியில் கோப்புப் பெயர்களின் கடைசிப் பகுதி தெரியும்படி செய்து, 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்னும் உறுப்பைப் பதிவேட்டில் நிறுத்தி வைத்தேன். வி.பி.எஸ். வகைப் புழுக்களை இயக்கும் உறுப்பு அது. ஜெராக்ஸ் கடைக்கு அதனால் ஆகும் வேலை ஒன்றும் இல்லை.

அக்காவிடம் இப்போது பென் டிரைவ்கள் இரண்டு. சிவப்பு நிறத்தது கடைக்குப் போவது. அச்சிட வேண்டிய தாளின் படி தவிர அதில் வேறெதுவும் இராது. கடையிலிருந்து திரும்பியதும் அது வீட்டுக் கணிப்பொறியைத் தொடாமல் என் மடிக்கணினிக்கு வந்து துடைக்கப்படும். மற்றது வீட்டை விட்டு வெளியேறாது. இரண்டிலும் ஆட்டோரன் என்னும் கோப்பின் பெயரிலேயே ஒரு வெற்றுக் கோப்புறையைச் செய்து வைத்துள்ளேன். ஒரே இடத்தில் ஒரே பெயரில் கோப்பும் கோப்புறையும் இருத்தல் இயலாது ஆதலின், எளிய புழுக்கள் தம் கோப்பை எழுத முடியாமல் திகைக்கும். கெட்டிக்காரப் புழுக்கள் கோப்புறையின் பெயரையே மாற்றிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய அரசு 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய சைபர் சுவச்தா கேந்திரம், கணிப்பொறித் துப்புரவுக் கருவிகளையும், பென் டிரைவைக் கட்டுப்படுத்தும் 'யு.எஸ்.பி. பிரதிரோத்' என்னும் மென்பொருளையும் இலவசமாகவே வழங்கியது.

இம்முறை செல்லாத இடம்

கோப்புகளை மறைக்காமல் பூட்டிவிடும் நச்சுநிரலும் உண்டு. அது கோப்புகளை மறையீடாக மாற்றிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். 2017 மே 12 அன்று பரவிய 'வான்னகிரை' 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. திருப்பதி தேவஸ்தானக் கணிப்பொறிகளும் அதற்குத் தப்பவில்லை. அடைக்க வேண்டிய ஓட்டைக்கான திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. அதே ஆண்டு சூன் 27 அன்று வந்த 'நாட்பெட்யா'வால் மும்பைக்கு அருகிலுள்ள ஜவகர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தில் சரக்குப் பெட்டிகள் தேங்கி நின்றன. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் நம் பகுதியினர்க்கு இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவ்வகை தாக்கியிருப்பின் லினக்ஸில் திறந்து பார்த்தாலும் கோப்புகள் படிக்கக் கிடையா. பணம் கொடுத்தால் சாவி வரும் என்பதற்கும் உறுதி இல்லை. 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். ஐரோப்பியக் காவல் அமைப்பும் நெதர்லாந்துக் காவல் துறையும் பிறரும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்னும் முயற்சி, திறக்கப்பட்ட பூட்டுகளுக்கான சாவிகளை இலவசமாகத் தருகிறது. சாவி இன்று இல்லாவிடினும் பூட்டிய கோப்புகளை அப்படியே படியெடுத்து வைத்தல் வேண்டும். 'டெஸ்லாகிரிப்ட்' என்பதன் தலைமைச் சாவியை அதனை எழுதியவர்களே 2016 மே மாதத்தில் வெளியிட்டனர். பூட்டிய கோப்புகளை வைத்திருந்தவர்கள் அன்று அவற்றைத் திறந்துகொண்டனர். ஃபார்மட் செய்து முடித்தவர்களிடம் திறப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.